கோழி அடையுற நேரம்

எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு கடிகாரம் வருவதற்கு முன்னால், நாளின் இரண்டு முனையையும் கோழியை வைத்துத்தான் சொன்னார்கள். விடியுமுன் என்றால் "கோழி கூப்புடுற நேரம்". பொழுது சாய்ந்து இருட்டுக் கட்டுவதற்குள் என்றால் "கோழி அடையுற நேரம்". காலையில் கூவுகிற சேவலைப் பற்றிக் கதையும் பாட்டும் நிறைய இருக்கு. சாயங்காலம் அடைகிற கோழியைப் பற்றிப் பேசுவார் இல்லை. ஆனால் வளர்த்தவர்களுக்குத் தெரியும், விஷயமே அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கு. அப்போது கணக்குத் தப்பினால் காலையில் இறகுதான் கிடக்கும்.

மதுரை, சென்னையில் இருக்கிற நண்பர்கள் சிலர் ஊர்ப் பக்கம் கொஞ்சம் இடம் வாங்கி, நாலு நாட்டுக்கோழி விடலாம் என்று ஆசைப்படுகிறார்கள். மூன்றாம் மாதம் போன் வரும். "அண்ணே, பூனை ஒண்ணு விடாமத் தூக்கிருச்சு. என்ன செய்யிறது?" கம்பி வலை போடுங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் பூனையும் கோழியும் ஒரே வீட்டில் பிழைத்த காலம் ஒன்று இருந்தது. அது எப்படி நடந்தது, எப்போது கெட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குறுந்தொகையில் 139-வது பாட்டைப் பாருங்கள். எழுதியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்கிற பெண் புலவர். எங்கள் சிவகங்கை மாவட்டத்தில் ஒக்கூர் என்று ஊர் இருப்பதால் அந்த அம்மாவை எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் சொந்தம் கொண்டாடுவது வழக்கம். வேறு வீட்டுக்குப் போய்விட்டு வந்து நிற்கிற தலைவனிடம் தோழி பேசுகிற பாட்டு அது. "எங்க தெருவுக்கு வராதே ஐயா" என்பதுதான் சேதி. நடுவில் ஒரு உவமை வருது. பொழுது சாய்கிற நேரம், வேலி ஓரத்தில் காட்டுப்பூனைக் கூட்டம் வந்துவிட்டது. வீட்டுக் கோழி, குட்டைக் கால் பேடை, எங்கே நுழைவது என்று தெரியாமல் தவித்துக் குஞ்சுகளைக் கூவிக் கூவிக் கூட்டுது. அந்தக் கோழியின் கத்தல் போல ஊர் வாய் இவளைப் பற்றிக் கத்துகிறதாம்.

இலக்கியம் படித்தவர்கள் இதில் காதலைப் பார்ப்பார்கள். எனக்குத் தெரிவது கோழி வளர்த்த கை. பூனை வருகிற நேரம் சாயங்காலம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அது முற்றத்துக்கு நேராக வராது, வேலியில் பதுங்கும் என்று தெரியும். தாய்க்கோழி தான் மட்டும் ஓடாமல் குஞ்சைக் கூப்பிட்டு நிற்கும் என்றும் தெரியும். சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தைய பாட்டு. நேற்று என் வீட்டு வேலியில் நடந்ததும் இதேதான்.

அதே தொகையில் 107-வது பாட்டு மதுரைக் கண்ணனார் பாடியது. கணவனோடு படுத்திருந்தவளைச் சேவல் கூவி எழுப்பிவிட்டது. அந்த எரிச்சலில் சாபம் விடுகிறாள். நடுச்சாமத்தில் வீட்டு எலியைப் பார்த்துத் திரிகிற காட்டுப்பூனைக் குட்டிக்கு நீ வைத்துத் தின்னும் இரையாகப் போ என்று. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். பூனை வீட்டுக்குள் வந்தது எதற்கு என்று கவனியுங்கள். எலிக்கு வந்திருக்கு. எலிக்கு வந்த இடத்தில் கோழியும் இருக்கு.

வெருகு என்று இந்தப் பாட்டுகளில் வருகிற மிருகத்தைக் காட்டுப்பூனை என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். மலையாளத்தில் வெருகு என்றால் புனுகுப்பூனை. இரண்டுமே கோழிக்கு எமன்தான், ஆகவே எனக்கு அதில் வழக்கு இல்லை.

இந்த எலி, பூனை, கோழி மூன்றும் எப்படி ஒரே கூரைக்கு வந்தன என்பதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகவே புரியும். வீட்டுக்கோழிக்கு முன்னோர் தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. தாய்லாந்தில் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள் ஏறக்குறைய 3,500 வருஷம் பழசு என்றும், நெல்லும் சிறுதானியமும் விளைந்த இடத்துக்கு இரை தேடித்தான் காட்டுக்கோழி மரத்தை விட்டு மனிதனிடம் இறங்கி வந்தது என்றும் 2022-ல் எழுதினார்கள். நம்ம கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு மட்டும் தென்னிந்தியக் காடுகளில் இருக்கிற சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். பூனை கதையும் இதேதான். மேற்கு ஆசியாவில் தானியம் சேர்த்து வைத்த இடத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்தில் பூனையைப் புதைத்த குழி கிடைத்திருக்கு, 9,500 வருஷத்துக்கு முந்தையது. சிந்துவெளியில் சான்ஹுதாரோவில் கிடைத்த ஒரு செங்கல்லில், ஈரமாக இருந்தபோது பூனை ஓடிய தடமும் அதைத் துரத்திய நாயின் தடமும் பதிந்திருக்கு. அந்தச் செங்கல்லை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆக மூன்றும் வந்தது தானியத்துக்காக. கோழி சிந்தின நெல்லுக்கு வந்தது. எலி சேர்த்த நெல்லுக்கு வந்தது. பூனை எலிக்கு வந்தது. நடுவில் நெல் இருந்தவரை இந்த ஏற்பாடு ஒரு மாதிரி ஓடியது. ஓடியது என்றுதான் சொல்கிறேன், நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. குஞ்சு போகத்தான் செய்தது.

என் அப்பத்தா காலத்து வீட்டைச் சொல்கிறேன். 1970-கள், 80-களின் ஆரம்பம். ஓட்டு வீடு. உள்ளே ஆள் உயரத்துக்கு மண் குலுக்கை, அதில் வருஷத்துக்கான நெல். மேலே பரண். எலிக்குப் பஞ்சமே இல்லை. பூனை ஒன்று எப்போதும் உண்டு. அதற்குப் பெயரும் கிடையாது, சோறும் கணக்காக வைக்க மாட்டார்கள். கொஞ்சம் மோர்ச்சோறு, கருவாட்டுத் தலை, அவ்வளவுதான். வயிறு நிறைய வைத்தால் எலி பிடிக்காது என்பது அப்பத்தா கட்சி.

பூனைக்குட்டிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது தாய்க்கோழி வேலை. குஞ்சு பொரித்து இறக்கின கோழி இருக்கிற முற்றத்தில் குட்டியை விட்டுவிடுவார்கள். அது விளையாட்டாகக் குஞ்சுகிட்டப் போகும். தாய்க்கோழி சிலிர்த்துக்கிட்டு வந்து மூக்கிலேயே ரெண்டு போடும். அப்படிக் கொத்து வாங்கின பூனை அந்த வீட்டுக் குஞ்சைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும். பக்கத்து வீட்டுக் குஞ்சுக்கு அந்த மரியாதை கிடையாது. ஊரில் பாதிச் சண்டை இதில் வந்ததுதான். "ஒம் பூனை எங் குஞ்சத் தின்னுருச்சு"ன்னு ஆரம்பித்து, மூன்று தலைமுறைக்கு முந்தைய வரப்புத் தகராறு வரைக்கும் போகும்.

பூனையை நம்பி மட்டும் யாரும் இருக்கவில்லை. பஞ்சாரம் என்று ஒன்று உண்டு. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மூங்கில் சிம்பில் முடைந்த கூடையைக் கவிழ்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, இடுப்பு உயரம், உச்சியில் கை நுழைகிற அளவு ஓட்டை. பகலில் தாயையும் குஞ்சையும் அதுக்குள் கவிழ்த்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிடுவார்கள். கல் முக்கியம். கல் இல்லாத பஞ்சாரத்தை நாய் மூக்காலேயே தள்ளிவிடும். குருணையை ஓட்டை வழியாகப் போட வேண்டியது. ராத்திரிக்குத் திண்ணைக்கு அடியில் கட்டும்போதே விட்ட பொந்து இருக்கும், அதுதான் கோழி மாடம். வாசலுக்குப் பலகை, பலகைக்கு முட்டுக் கொடுக்கப் பழைய ஆட்டுக்கல். அதுக்கு மேல் திண்ணையில் ஆள் படுத்திருக்கும். மரநாய் வந்தால் கோழி கத்தும், கத்தினால் படுத்திருக்கிற ஆள் விழிக்கும். இதைவிட நல்ல அலாரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

கோழி அடையுற நேரத்தில் அப்பத்தா எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடும். "பா... பா... பா"ன்னு குரல் கொடுத்துக் குருணையை இறைக்கும். ஒன்று குறைந்தால் என்னைத்தான் ஏவும். "அப்பு, அந்த செவலக் குஞ்சக் காணோம், படப்புக்குப் பின்னாடி பாரு." அதுக்கு எண்ணத் தெரியாது. நிறத்தை வைத்தே கணக்கு. செவலை, கருப்பு, புள்ளி, சாம்பல் என்று மனசிலேயே ஒரு சிட்டை. பருந்துக்குப் பயந்து சில வீடுகளில் குஞ்சுக்கு ரோஸ் சாயம் அடிப்பார்கள், செத்த காக்காவைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். சாயத்துக்குப் பருந்து பயந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் எந்தக் குஞ்சு யார் வீட்டுது என்பது தெரிஞ்சது.

எதிரி பூனை மட்டும் என்று நினைக்காதீர்கள். தடத்தைப் பார்த்தால் யார் என்று சொல்லிவிடலாம். குஞ்சு மட்டும் காணோம், ஒரு இறகுகூட இல்லை என்றால் பூனை அல்லது காக்கா. முட்டை உடைந்து கிடந்தால் கீரி. ராத்திரியில் ரெண்டு மூன்று கோழி கழுத்துக் கடிபட்டுத் தின்னாமல் கிடந்தால் மரநாய். அடைகாக்கிற கோழி இருக்க, அடியிலிருந்து முட்டை மட்டும் சத்தமில்லாமல் குறைந்தால் பாம்பு. வளையில் பாதி உடம்பு செருகிக் கிடந்தால் பெருச்சாளி. வளர்ந்த கோழியை வீட்டுப்பூனை பெரும்பாலும் தொடாது. காட்டுப்பூனை தொடும், அது உடம்பும் காலும் நீண்டது. இத்தனைக்கும் மேலே வெள்ளைக்கழிச்சல் ஒன்று இருக்கு. பூனை பத்து வருஷத்தில் தின்றதை அது ஒரே வாரத்தில் கொண்டுபோகும். அது தனிக் கதை.

இந்தக் காவல் வேலை முழுக்கப் பெண்கள் வேலை. ஏனென்றால் கோழி அவர்கள் சொத்து. காளையை விற்றால் பணம் அய்யா மடியில். கோழி விற்ற காசு அப்பத்தா சுருக்குப்பையில். சிறுவாட்டுக் காசு என்பார்கள். அதை எந்த ஆம்பளையும் கணக்குக் கேட்கக் கூடாது. எங்க வீட்டில் எனக்குப் பத்தாவது பரீட்சைப் பணம் கட்டினது அந்தச் சுருக்குப்பைதான், ரெண்டு வெடைக்கோழி விற்ற காசு. என் அத்தை காதில் கிடந்த தோடும் கோழியில் வந்ததுதான். ஆகவே ஒரு குஞ்சு பூனை வாய்க்குப் போனால், அந்த வீட்டில் ஒரு பெண் யாரையும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய காசில் கொஞ்சம் போகுது என்று அர்த்தம். 1919-லிருந்து நாட்டில் கால்நடைக் கணக்கெடுப்பு நடக்குது, 20-வது கணக்கெடுப்பு 2019-ல் முடிந்தது. எத்தனை கோழி என்று அதில் இருக்கு. எந்தக் குஞ்சு எந்தச் சாயங்காலம் போச்சு, யார் அழுதார்கள் என்பதை ஒக்கூர் மாசாத்தியார் மாதிரி ஒரு பெண்தான் எழுத வேண்டியிருந்தது.

சரி, எப்போது கெட்டது? நான் பார்த்தவரை எல்லாம் சேர்ந்தே மாறியது. முதலில் நெல் வீட்டை விட்டுப் போனது. அறுவடை மிஷின் வந்த பிறகு நெல் வயலிலிருந்தே கொள்முதல் நிலையத்துக்கோ வியாபாரிக்கோ போய்விடுகிறது. வீட்டுச் சோற்றுக்கு ரேஷன் அரிசி. 2008-ல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனிலிருந்து விலையில்லை. பசித்த வீடுகளுக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்கிறவன் நான் இல்லை. ஆனால் குலுக்கைக்கு வேலை இல்லாமல் போனது. எங்க குலுக்கையை உடைத்துத்தான் டிவி வைக்க இடம் செய்தோம். ஓடு போய் காரை வீடு வந்தது. பரணும் இல்லை, திண்ணையும் இல்லை, திண்ணைக்கு அடியில் மாடமும் இல்லை. வீட்டு எலி குறைஞ்சது. பூனைக்கு வேலை போச்சு.

வேலை போன பூனை ஊரை விட்டுப் போகவில்லை. தெருமுனைக்குப் பிராய்லர் கடை வந்தது. வாரம் பூராவும் கோழிக் குடலும் தலையும் குப்பையில் கிடக்கு. அந்தக் குப்பையில் வளர்ந்த குட்டிகள் எந்த வீட்டுத் தாய்க்கோழியிடமும் கொத்து வாங்கினது இல்லை. கோழி என்றால் இரை என்பது மட்டும் தெரியும். இது என் ஊகம்தான். ஆனால் இப்போது எங்க தெருவில் திரிகிற பூனைகளில் ஒன்றுகூட யார் வீட்டுப் பூனை என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் சண்டை போடவாவது ஒரு வீடு இருந்தது.

அடுத்தது, அந்த அரை மணி நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை. நூறு நாள் வேலைத் திட்டம் 2006-ல் முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் எங்க சிவகங்கையும் ஒன்று. மில் வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிப்போகுது. பெண்கள் கைக்கு நேராகக் கூலி வந்தது நல்லதுதான். கோழிக்காசு மட்டுமே அவர்கள் காசு என்ற நிலை மாறியது. ஆனால் பொழுது சாயும்போது "பா... பா"ன்னு கூப்பிட ஆள் வேணுமே. அதற்கு மேல் சீமைக்கருவேல். கண்மாய்க் கரையிலிருந்து ஊர் வேலி வரைக்கும் ஒரே காடாக வந்து நிற்கிறது. முன்னெல்லாம் காட்டுப்பூனையும் கீரியும் ஊருக்குள் வர வெட்டவெளியைத் தாண்ட வேண்டும். இப்போது முள்ளுக்குள்ளேயே நடந்து கொல்லைக்கு வந்துவிடலாம்.

இன்னொன்று, குஞ்சே மாறிப்போச்சு. இப்போது நிறையப் பேர் பொரிப்பகத்தில் மிஷினில் பொரித்த குஞ்சை வாங்கி விடுகிறார்கள். ஐம்பது குஞ்சு, தாய் கிடையாது. தாய்க்கோழி என்ன செய்யும் தெரியுமா? மேலே பருந்து நிழல் பட்டால் ஒரே இழுப்பாக ஒரு சத்தம் போடும். குஞ்செல்லாம் புதருக்குள் ஓடி அசையாமல் கிடக்கும். தரையில் பூனையோ கீரியோ என்றால் "கொக் கொக் கொக்கேக்" என்று விட்டு விட்டுக் கத்தும். அதுக்கு வேறு ஓட்டம். அப்பத்தா அடுப்படியில் இருந்துகொண்டே சத்தத்தை வைத்து "மேல பருந்து" என்று சொல்லும். 1980-களில் பீட்டர் மார்லர் என்ற விஞ்ஞானியும் அவர் கூட இருந்தவர்களும் இதையே சோதனை செய்து, கோழிக்கு வானத்து எதிரிக்கு ஒரு சத்தம், தரை எதிரிக்கு ஒரு சத்தம் என்று எழுதினார்கள். தாயில்லாத ஐம்பது குஞ்சுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. வெயிலில் நடுமுற்றத்தில் நின்றுகொண்டிருக்கும்.

இதற்கெல்லாம் பதில் விஷம் என்று நினைத்தவர்களும் உண்டு. சில வருஷம் முன்னால் எங்க தெருவில் ஒருவர், பதினாலு குஞ்சு போன ஆத்திரத்தில், மீன் தலையில் குருணை மருந்தைத் தடவி வேலியில் வைத்தார். ரெண்டு பூனை செத்தது. நாலைந்து காக்கா செத்தது. பக்கத்து வீட்டு நாய் ஒன்று வாயில் நுரை தள்ளி, வாசலிலேயே செத்தது. அந்த நாய்தான் ராத்திரியில் மரநாயைக் குரைத்து விரட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அவர் கூட்டிலேயே மரநாய் புகுந்தது. அந்த வருஷம் கடலை மூட்டையில் எலி ஜாஸ்தியானது பூனை செத்ததால்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் ஜாஸ்தியானது. கீரி, காட்டுப்பூனை, மரநாய் எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை, கொன்றால் வழக்கு. வீட்டுப்பூனைக்கு விஷம் வைப்பதும் 1960 மிருகவதைச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்த மீன் தலையை ஒரு சின்னப் பிள்ளை எடுத்திருந்தால்?

ஆகவே பூனையைத் திருத்துவது நம் வேலை இல்லை, கோழியை அடைப்பதுதான் வேலை. கம்பி வலை 1844-ல் இங்கிலாந்தில் நார்விச் ஊரில் சார்லஸ் பர்னார்ட் என்பவர் துணி நெய்கிற தறியைப் பார்த்து மிஷின் செய்து பின்னியது. அந்த ஆறு மூலை ஓட்டை வலை கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு. பூனை கையை விட்டுக் குஞ்சை இழுக்கும், கீரி அடியில் பறிக்கும். நான் போட்டிருப்பது அரை அங்குலக் கட்டம் உள்ள வெல்டு கம்பி வலை. ஒன்றரை அடி மண்ணுக்குள் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்திருக்கிறேன். பறிக்கிற மிருகம் மடக்கின வலையில் நகம் பட்டுத் திரும்பிவிடும். மேலேயும் மூட வேண்டும், பூனைக்கு ஆறடிச் சுவர் ஒரு படி மாதிரி. நைலான் மீன்வலையைச் சுற்றிக் கட்டாதீர்கள், பாம்பு மாட்டிக்கொண்டு வெயிலில் சாகும். குஞ்சு வாங்கினால் அடைக்கோழி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். ராத்திரியில் அதன் இறக்கைக்கு அடியில் பத்துப் பதினைந்து ஒருநாள் குஞ்சைச் செருகினால் பெரும்பாலும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். அரை மணி நேரம் வீட்டில் இருக்க முடியாதவர்கள் கோழி வளர்க்க வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பஞ்சாரமும் வைத்திருக்கிறோம். சந்தையில் இப்போது இரும்புக் கம்பிப் பஞ்சாரம் வந்துவிட்டது, வருஷக்கணக்கில் உழைக்கும், கல் வைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் என் வீட்டுக்காரி மூங்கில்தான் வேண்டும் என்கிறாள். கம்பிக்குள் இருந்தால் வெளியில் போகிற பூனை முழுசாகத் தெரியுதாம், தாய்க்கோழி நாள் பூராவும் பதறிக்கிட்டே இருக்காம். மூங்கிலில் நிழல் மட்டும்தான் தெரியும். சந்தையில் மூங்கில் பஞ்சாரம் கொண்டுவருகிறவர் ஒரே ஒரு பெரியவர். போன மாதம் ரெண்டு சொல்லி வைத்திருக்கிறோம். இந்தத் தடவை பன்னிரண்டு முட்டை வைத்துப் பதினொன்று பொரித்தது. நாற்பது நாள் ஆகிறது, ஒன்பது இருக்கு. போன ரெண்டில் ஒன்று பூனை, ஒன்று காக்கா.